விட்டுப்போன வரி

அரசரடியில் ஜெராக்ஸ் கடை.
ஞானசீலி நீட்டிய தாளில் கிரேக்கம்,
செக்கானூரணி பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி
எழுத்துக்கு எழுத்து இடைவெளியே இல்லை.
எங்கே மூச்சு விடுவது என்றேன்.
"அது வாசிக்கிறவன் பாடு."

நூற்றைம்பது சதவீதம் பெரிதாக்கச் சொன்னாள்.
ஓரத்தில் வேறு கை,
எறும்பு போல ஒரு வரி.
இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்திருக்கின்றன;
எழுதியவன் முதலாவதில் தூக்கிய கண்ணை
இரண்டாவதில் இறக்கிவிட்டான்.
நடுவே இயேசு பேசியது போய்விட்டது.
வெகுநாள் கழித்து யாரோ கண்டு சேர்த்தார்களாம்.

சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.
உசிலம்பட்டியில் பத்திரம் டைப் அடித்த காலம்.
"நிலத்துக்கு வடக்கு" என்றே முடிந்தன இரண்டு வரிகள்.
இடையில் இருந்தது ஒச்சாயி பங்குக் கிணறு.
பதினோரு வருஷமாக
கோர்ட்டில் கிடக்கிறது அந்தக் கிணறு.
என் தாளுக்கு
ஓரத்தில் எழுத யாரும் வரவில்லை.

கரண்ட் போனது.
தாள் பாதி உள்ளே, பாதி வெளியே.
இருட்டில் கேட்டேன்: அவன் பெயர் என்ன?
"தெரியாது. எகிப்து மணலில் கிடைத்தது."

கொடுத்து வைத்தவன்.
என் பத்திரத்தின் அடியில் தெளிவாக இருக்கிறது:
தட்டச்சு செய்தவர்
பெ. மொக்கராசு.