ஆறடித் தண்ணீர்

ஆறடி என்றதும் மாமி முகம் சுளித்தார்,
ஏழடியாகச் செய்ய முடியாதா என்று.
கண்ணாடி வெட்டி வந்தாயிற்று.
கூத்தாநல்லூர் வீட்டுக் கூடத்தில்
பழைய ஃப்ரிட்ஜ் நின்ற சுவரோரம்
இரும்புத் தாங்கியில் தூக்கி வைக்க
எட்டு ஆள், இரண்டு பிளாஸ்க் டீ.

நிரப்பி இருபது நாள்.
வருகிறவர்கள் குனிந்து தேடுகிறார்கள்,
எங்கே மீன்?
தண்ணீர் பழகட்டும் என்கிறேன்.
எதற்குப் பழக வேண்டும் என்று
மாமி கேட்டதற்குத்தான் பதில் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை குவைத்திலிருந்து
அவர் வந்தார், செல்போன் சட்டத்துக்குள்.
"ஆஸ்கர் வாங்கு, ரெண்டே ரெண்டு.
கையில தீனி வாங்கும்,
ஆளைப் பாத்தா ஓடி வரும்."
சுமையாவுக்கு நியான் வேண்டும்.
ஐம்பது. நீலக்கோடு போட்ட ஐம்பது.
ஆஸ்கருக்கு நியான் என்பது
கலர் போட்ட சேமியா.
இதை மகளிடம் சொல்லலாம்.
அவரிடம் எப்படிச் சொல்வது?

கும்பகோணத்துக் கடையில் கலியமூர்த்தி
வலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:
"எல்லாம் அமேசான்தாம்மா.
ஒரே ஆத்து மீனுங்க, ஒத்துப்போகும்."

ஒரே ஆறா.
மேட்டூர் திறந்து பதினெட்டு நாள் கழித்து
எங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதும்
ஒரே ஆறுதான்.
தலைமடைக்காரனையும் எங்களையும்
ஒரு தொட்டியில் போட்டுப் பாருங்கள்.

டிஸ்கஸ் அழகு.
முப்பது டிகிரி, தினம் புதுத் தண்ணீர்,
பக்கத்தில் யாரும் வேகமாக நீந்தக் கூடாது.
அப்படி ஒரு சம்பந்தியை எனக்குத் தெரியும்.
ஏஞ்சல், இன்றைக்குப் பிறை.
ஆறு மாதம் கழித்து
நியான்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஒன்றை எழுதினால் இரண்டை அடித்தேன்.

"கூடவே ஒரு சக்கர் தர்றேன், பாசி தின்னும்.
காசு வேணாம்."

போன ஐப்பசியில் மீன்காரி அஞ்சம்மை
வாசலில் கூடையைச் சாய்த்துக் காட்டினாள்.
கெண்டைக்கு வலை போட்டால் இதுதானாம்:
கவசம் போட்ட கறுப்பு உடம்பு, அடியில் வாய்.
பூனைகூட முகர்ந்துவிட்டுப் போனது.
வலை கிழிந்தது முந்நூறு ரூபாய்.
எந்த வீட்டுக் கூடத்திலோ வளர்ந்து,
இடம் போதாமல்,
பாவம் பிழைத்துப் போகட்டும் என்று
யாரோ இருட்டில் வாய்க்காலில் விட்டிருக்கிறார்கள்.

சும்மா கிடைத்தாலும் வேண்டாம் என்றேன்.

போர் தண்ணீர் மீட்டரில் ஆயிரத்து நூறு.
கடல் அவ்வளவு கிட்டத்தில் இல்லை,
ஆனாலும் கீழே கீழே வருகிறது.
மொட்டைமாடி மழைத் தண்ணீர் இருபத்தெட்டு.
ஒரு குடம் போர், மூன்று குடம் மழை.
வாழ்க்கையில் முதல் தடவையாக
மேகத்தை லிட்டர் கணக்கில் பார்த்தேன்.

கடைசியில் ஆறு மண்ணுண்ணிகள்.
சண்டை போட்டாலும் முறைத்துவிட்டு விலகும் சாதி.
மேல்தட்டுக்கு எட்டு சில்வர் டாலர்.
தினார் அனுப்புகிறவர் வீட்டில் டாலரா என்று
கலியமூர்த்தி சிரித்தார்.
இலை ஒன்று விடாமல் மேய்ந்துவிடும் என்பதால்
செடி கிடையாது, வேர்க்கட்டை மட்டும்.
சுமையா இரண்டு நாள் பேசவில்லை.

மணல் வாங்கவில்லை.
வீடு கட்டியபோது மிஞ்சிய வெண்ணாற்று மணல்
கொல்லையில் குவிந்து கிடந்தது.
மாவுச் சல்லடையில் சலித்து
ஒன்பது தடவை அலசினேன். பத்தாவது தடவையும்
கொஞ்சம் ஆறு வந்தது.

மூன்றாம் நாள் ஒன்று தலை கவிழ்ந்தது.
வாய் நிறைய அள்ளி,
மென்று, யோசித்து,
செவுள் வழியே பொழியவிட்டது.
"மண்ணத் தின்னுதும்மா!"
வாயைத் திறந்துவிட்டாள் சுமையா.
தின்னலடி, தேடுது.

வெள்ளிக்கிழமை
போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"அது நம்ம ஆத்து மணலா?"
ஆமாம்.
ஆஸ்கர் பற்றிக் கேட்கவில்லை.
போனை எடுத்துவிடாதே என்றார்,
ஃபில்டர் சத்தம் அங்கே
மழை மாதிரி கேட்கிறதாம்.