நூற்றைம்பது மில்லி

நகரியில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும்.
அந்தச் சத்தத்தில் சுத்தியல் கேட்காது,
அதனால் இன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

எஸ்டி. எண்பத்திரண்டாம் வருஷத்து வண்டி,
எண் பலகையில் இன்னும் பழைய மூன்றெழுத்து.
இருபதாயிரம் கடனுக்கு ஈடாகத்
தங்கை புருஷன் யுகந்தர் விட்டுப்போனது.
ஆர்.சி. புத்தகம், ஒரு சாவி, அரை டேங்க் பெட்ரோல்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அவன் சொல்லாததை
ஏகாம்பரகுப்பம் ரயில்வே கேட் சொன்னது.
முன்பிரேக்கைப் பிடித்தேன்; அது பிடிக்கவில்லை.
நூல் ஏற்றிய ட்ரைசைக்கிளுக்கும் எனக்கும் நடுவே
ஒரு முழம் மிச்சம்.
இறங்கிப் பார்த்தால், இடது ஃபோர்க்கிலிருந்து
கசிந்து கசிந்து இறங்கிய எண்ணெய்
பிரேக் டிரம்முக்குள் போய் உட்கார்ந்திருந்தது,
அழைக்காமல் வந்த சொந்தம் மாதிரி.

என்ஜினுக்கு அடியில் இரண்டு ஹாலோ பிளாக்.
சக்கரம் கழன்றது, மட்கார்டு கழன்றது.
வடிகால் திருகைத் திறந்தேன்.
வந்ததை எண்ணெய் என்று சொல்ல முடியாது:
சாம்பல் நிறக் கஞ்சி, கருவாட்டு வாடை.
கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர் நான்,
இதைவிட மோசமானதை முகர்ந்திருக்கிறேன்.

ஃபோர்க்கைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டும்.
யோசித்துக்கொண்டு நிற்கும்போது வாசலில் யுகந்தர்.
இடக்கையில் புத்தூர்க் கட்டு,
முட்டையும் பச்சிலையும் கலந்த நாற்றம்.
'வதினா, ஒரு கை பிடிக்கட்டுமா' என்றான்.
அவனிடம் ஒரு கைதான் இருந்தது.

குழாயை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டான்.
இழுத்தேன். வரவில்லை.
வெடுக்கென்று மறுபடி.
டொக்.
நான் பின்னால் போய் வாளியில் உட்கார்ந்தேன்,
அவன் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.

பழைய சீல் உதடு வெடித்து,
வெயிலில் கிடந்த செருப்புவார் மாதிரி விறைத்திருந்தது.
அது மட்டுமென்றால் நிம்மதி.
குழாயின் மேல் நகத்தை ஓட்டினேன்,
ஓர் இடத்தில் தடுக்கியது.
கடுகளவு துருக்குழி.
புது சீலைப் போட்டாலும்
ஒரே மாதத்தில் இது கிழித்துவிடும்.

அரால்டைட் இரண்டு ட்யூபையும்
தீக்குச்சியால் குழைத்துக் குழியில் அப்பினேன்.
இறுகும்வரை காத்திருக்க வேண்டும்,
காத்திருந்தால் பேச வேண்டும்.
'எங்கே விழுந்தே?'
'திருத்தணி வளைவுல.'
'மணலா?'
தறிச் சத்தம் வரும் பக்கம் திரும்பிக்கொண்டான்.
வெகுநேரம் கழித்துச் சொன்னான்:
'ஒழுகறது தெரியும் வதினா.
குடுக்கறப்பவே தெரியும்.'

நீர்த்தாளை எடுத்துத் தேய்த்தேன்.
தேவைக்கு மேலேயே தேய்த்தேன்.
பிறகு நகத்தை ஓட்டினேன். தடுக்கவில்லை.

புது சீலை அதன் குழியில் வைத்து,
மேலே பழைய சீலைக் கவிழ்த்து,
அதன்மேல் பி.வி.சி. குழாய்த் துண்டு.
பழையதன் மேல் அடி விழுந்தால்தான்
புதியது கோணாமல் இறங்கும்.
உதடு அறுபடாமலிருக்க
குழாய் முனைக்கு கேரிபேக் துண்டைச் சுற்றிச்
செருகினேன். போனது.

வலது காலுக்கும் இதே கதை, குழி மட்டும் இல்லை.

ஒரு காலுக்கு நூற்றைம்பது மில்லி.
மாட்டுக்குப் போடும் ஐம்பது மில்லி சிரிஞ்சில்
நான் ஊற்ற, அவன் எண்ணினான்.
ஒகட்டி.
ரெண்டு.
மூடு.
தெலுங்கிலும் சரி, தமிழிலும் சரி.
மூடினேன்.

எல்லாம் பூட்டி இறக்கும்போது மணி நாலரை.
ஹாண்டில்பாரின் ஒரு பக்கம் அவன் நல்ல கை,
மறுபக்கம் நான்.
பத்துத் தடவை அமுக்கினோம்.
குழாயில் மெல்லிய வளையம்.
செய்தித்தாளால் துடைத்தேன்: கிரீஸ்தான்.
இன்னும் பத்து.
இந்த முறை தாளை அவனிடம் கொடுத்தேன்.
துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து,
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

'அந்தக் கணக்கு…' என்று ஆரம்பித்தான்.

'பிரேக் ஷூ இன்னும் எண்ணெயில ஊறிக் கிடக்கு,
அதையும் மாத்தணும்.
கட்டு என்னிக்கு அவிழ்க்கறாங்க?'

'வர்ற வியாழன்.'

'ரெண்டு கையோட வா.'