க்ளெய்ம்: இல்லை

பெனிலாவுக்கு லைசென்ஸ் வந்த அன்று
மழை.
களியக்காவிளை ஸ்டாண்டுக்கு முன்னால்
திருவனந்தபுரம் பஸ் நின்றது.
இவள் நிற்கவில்லை.

பஸ்ஸுக்கு ஒன்றுமில்லை.
கண்டக்டர் இறங்கி, குனிந்து பார்த்து,
பாதி மலையாளத்தில் பாதி தமிழில் திட்டிவிட்டு
இரட்டை மணி அடித்துப் போய்விட்டார்.
எங்கள் ஆல்டோவின் பம்பர்தான்
இடப்பக்கம் கழன்று
ரோட்டைத் தொட்டுக்கொண்டு வந்தது வீடுவரை.

"இன்சூரன்ஸ் உண்டுல்லாம்மா, பிறகென்ன?"

உண்டு மக்ளே.
ரப்பர் விளையில் எனக்குள்ள பங்குக்குப் பதிலாக
உன் மாமன் தந்த கார் இது.
கார் கை மாறியது.
அவன் சேர்த்திருந்த நோ க்ளெய்ம் போனஸ் மாறவில்லை.
"அது வண்டிக்குள்ளது இல்ல அக்கா, ஆளுக்குள்ளது"
என்றார் ஏஜென்ட் வின்சிலாஸ்.
பூஜ்யத்தில் தொடங்கினேன்.
இருபது, இருபத்தைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து,
போன ஜூனில் ஐம்பது.
யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்ததற்கு
யாரோ கணக்கு வைத்திருந்து
பாதி விலை குறைத்தது
என் ஆயுசில் அந்த ஒரு இடத்தில்தான்.

வின்சிலாஸுக்கு போன் போட்டேன்.
"பிள்ளை ஓட்டினா தொகை கூடுமா?"
"பாலிசி வயசு கேக்காது.
லைசென்ஸ் உண்டா, க்ளெய்ம் உண்டா, அதுதான் கேக்கும்."
"வண்டியை அவ பேருக்கு மாத்தினா?"
"போனஸ் போயிரும்." பிறகு, இருமிக்கொண்டே:
"நீங்க மரிச்சா மட்டும் வாரிசுக்குக் கிட்டும்."
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவர் முதலில் நிறுத்தினார்.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.
புது பம்பர் மூவாயிரத்து இருநூறு.
பிளாஸ்டிக், அதனால் தேய்மானம் பாதி.
நம் கையிலிருந்து போட வேண்டியது ஆயிரம்.
கம்பெனி தருவது அறுநூறு.
அந்த அறுநூறுக்காக
அடுத்த ஜூனில் இரண்டாயிரத்து ஐந்நூறு கூடும்,
அதற்கடுத்த ஜூனிலும் பழைய இடம் வராது.
அவள் கணக்கைத் திரும்பப் போட்டாள்.
விடை மாறவில்லை.
காமர்ஸ் படிக்கிறவள்,
என் பேனாவை வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லை தாண்டினால் பாறசாலை.
அங்கே அனிலின் ஷெட்டில்
பழைய பம்பரையே காய்ச்சி ஒட்டினார்கள்.
தழும்பு தெரியும். தொள்ளாயிரம் ரூபாய்.
நாலு டியூஷன் பிள்ளைகளின் ஒரு மாதக் காசை
பெனிலா மேசையில் வைத்தாள்.
வேண்டாம் என்று சொல்வேன் என நினைத்திருப்பாள்.
எண்ணி எடுத்துக்கொண்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் கூப்பிட்டான்.
"க்ளெய்ம் பண்ணலியா? சும்மாவா பணம் கட்டுதே?
உனக்கு எப்பவும் கேக்கத் தெரியாதுட்டி."
"ஆமாண்ணே" என்றேன்.
"ரப்பர் விளைக்க பத்திரம் ஒரு காப்பி வேணும்.
ஞாயிற்றுக்கிழமை வாறேன்."
அந்தப் பக்கம்
டி.வி. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

வெளியே பெனிலா ரிவர்ஸ் எடுக்கிறாள்,
ஒட்டுப்போட்ட பம்பரோடு, தென்னைக்கு ஒரு சாண் விட்டு.
இப்போதெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால்
இரண்டு கார் அகலம் இடம் விடுகிறாள்.
அந்த இடத்தில் ஆட்டோ நுழைகிறது.
கண்ணாடியை இறக்கித் திட்டுகிறாள்,
பாதி மலையாளத்தில்.