கடல் தெரியாத அறை

ஆவணி ஒன்பது.
பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்க வந்த
கடைசிப் பிள்ளைகளும் காலையில் கிளம்பிவிட்டார்கள்.
குளியலறையில் அரைப்படி மணல்,
கொடியில் ஒற்றைக் காலுறை,
மேசையில் ஒரு சீட்டு:
‘இடியாப்பம் அருமை. ஜன்னல்தான் தூங்கவிடவில்லை.’

எல்லாரும் இதையேதான் எழுதுகிறார்கள்.
நானும் இதையேதான் சொல்கிறேன்,
சோழகக் காற்று அப்படித்தான்,
ஆடியில் வந்துவிட்டு ஜன்னலைக் குறை சொன்னால்
நான் என்ன செய்ய.

தங்கச்சிமடத்தில் வடக்கே போனால் பெண்கடல்,
தெற்கே ஆண்கடல்.
என் வீடு ஆண்கடல் பக்கம்.
முன்னறை இரண்டு, ஆயிரத்து எண்ணூறு,
காலைச் சாப்பாட்டோடு.
பின்னறைக்கு முன்னூறு குறைவு.
அதன் ஜன்னலைத் திறந்தால்
தண்ணீர்த் தொட்டி, இரண்டு பனை,
பாக்கியசீலி கட்டிப்போட்ட கிடா.
யாரும் கேட்பதில்லை,
அதனால் அதில் நான் படுக்கிறேன்.

மதியம் களஞ்சியம் லாரியில் தண்ணீர் கொண்டுவந்தான்.
குழாயைப் பிடித்தபடி கடலைப் பார்த்து,
“இம்புட்டுக் கெடக்கு, காசு குடுத்து வாங்குறீகளே” என்றான்.
நாலு வருடமாக இதே பகடி.
நாலு வருடமாகச் சிரித்தும் வைக்கிறேன்,
கடனுக்குத் தண்ணீர் விடுகிறவன்.

பிறகு கீல்களுக்குத் தேங்காயெண்ணெய்.
போன வைகாசியில் வாங்கிய தாழ்ப்பாள்
கையோடு உதிர்ந்து வந்தது.
இந்தக் கரையில் இரும்பை
யாரும் விலைக்கு வாங்குவதில்லை,
வாடகைக்கு எடுக்கிறோம்.

ஆறு மணிப் பேருந்தில் இறங்கி
ஒருவர் மட்டும் நடந்து வந்தார்.
வரதன், ஐம்பத்திரண்டு, நாமக்கல்.
ஆதார் நகல் சரியாக மடித்திருந்தது.
முன்னறைச் சாவியை நீட்டினேன்.
“கடல் தெரியாத ரூம் இருக்குதுங்களா?”

வாய்வரை வந்தது, கேட்கவில்லை.
ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் குலுங்கி,
பாம்பன் பாலம் தாண்டி,
இதற்காகவா.
“சத்தம் அங்கேயும் கேக்கும்” என்றேன்.
“கேக்கட்டுங்க.”

என் சேலைகளை அள்ளினேன், தலையணை உறையை மாற்றினேன்,
மாதா படத்தை மறந்துவிட்டேன்.
இரவுக்குச் சங்கரா மீன் குழம்பு.
குழம்பை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டார்.
மீனைத் தட்டின் ஓரத்தில்,
முள்ளுக்குப் பயந்த பிள்ளைபோல,
அலுங்காமல் வைத்தார்.

அப்படித்தான் வீடு கட்டிய நாலாம் வருடம்
முன்னறையில் படுத்தேன்.
ராமநாதபுரத்தில் நானே அமுக்கிப் பார்த்து வாங்கிய மெத்தை
இடப்பக்கம் சரிகிறது.
மின்விசிறி ஏழு சுற்றுக்கு ஒருமுறை விக்குகிறது.
அப்புறம் அந்த ஜன்னல்.
டக்.
டக்.
ட-டக்.
கதவைத் தட்ட வந்து
தட்டலாமா என்று யோசிக்கும் ஆள் மாதிரி.
சமாதானமாகத் தட்டிவிட்டுப் போனாலாவது தேவலை.
பன்னிரண்டு மணிவரை பொறுத்தேன்.
எழுந்துபோய் அந்த ஒற்றைக் காலுறையை
நாலாக மடித்துச் சட்டத்தில் சொருகினேன்.

ஜன்னல் அடங்கியதும்
கடல் அறைக்குள் வந்து நின்றது.
இத்தனை பெரிய சத்தத்துக்கா
ஆயிரத்து எண்ணூறு வாங்கினேன்,
கூட வாங்கியிருக்கலாம்
என்று ஒரு நினைப்பு.
காசு கொடுத்தவர்கள் இங்கே படுத்துக்கொண்டு
எதை நினைத்தார்கள் என்று இன்னொன்று.
பின்னறைப் பக்கம் தாழ்ப்பாள் விலகிய ஓசை.
கிடா ஒருமுறை கத்தியது.
யாரோ அதனிடம் ஏதோ சொன்னார்கள்.

காலையில் இடியாப்பத்தைப் பிட்டபடி,
“இன்னொரு நாள் இருக்கலாங்களா” என்றார்.
“அதே அறையா?”
கொஞ்சம் யோசித்தார்.
“அதே அறைங்க.”

வில்வமூர்த்தி ஆசாரிக்குப் போன் போட்டேன்.
முன்னறை ஜன்னல் ஆடுகிறது,
இன்றைக்கே வர வேண்டும்.
“ஆடிக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”
“எங்கிட்ட யாரு சொன்னா” என்றேன்.