தலை இல்லையென்றால்

பின்னேரம் இரண்டரை.
ஈய ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுகிறேன்.
ஐந்து கிலோ. உள்ளே சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.
போன் அதிர்கிறது: நிரஞ்சலா.
நோர்வேயில் இப்போதுதான் கடை திறந்திருக்கிறார்கள்.

"வத்சி, நீ சொல்லு. எது வடிவு?"
திரையில் இரண்டு கண்ணாடி.
ஒன்று மஞ்சள்,
மற்றது எண்ணெய் சிந்திய தண்ணீரின் நிறம்.
நாற்பத்தொரு வயதில் இவளுக்குப் பனிப்பலகை.
இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு
மலையில் பக்கவாட்டாக வழுக்கப் போகிறாளாம்,
வலைப்பந்தில் பந்து வந்தால் கண்ணை மூடுகிறவள்.

எங்கள் ஊரில் சறுக்க ஒரு மேடு இல்லை.
ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி ஏற்றுகிற சரிவுதான்
எனக்குத் தெரிந்த மலை.
ஆனால் விழுகிறவர்களைத் தெரியும்.
திருநெல்வேலிச் சந்தையில் மீன் கழுவிய சீமெந்தில் வழுக்கினவர்,
மினிபஸ் மிதிபலகையில் கால் தவறினவர்,
கிணற்றடிப் பாசியில் போனவர்,
எல்லோரும் நிலத்தைப் பார்த்துக் கையைத்தான் நீட்டுகிறார்கள்
"பொறு" என்று சொல்வதுபோல.
நிலம் பொறுப்பதில்லை.
மணிக்கட்டு கரண்டியின் முதுகுபோல வளைந்து
என் படத்தில் வெள்ளையாக விழும்.
நேற்று மட்டும் நான்கு.

"கண்ணாடியை வை. மணிக்கட்டுக் காப்பு இருக்கோ எண்டு கேள்."
"காப்போ? எத்தினை பவுண்?"
"பகிடி விடாதை. கையுறைக்கு உள்ளுக்குப் போடுறதெண்டால்
கையுறையை ஒரு அளவு பெரிசா எடு."

கடைப் பெடியன் இன்னொன்று கொண்டுவந்தான்.
பின்பக்கம் தலையணை வைத்துத் தைத்த காற்சட்டை.
அதை இடுப்பில் பிடித்துக்காட்டி
கெமிஸ்ற்றி வகுப்பில் வெளியே அனுப்பப்பட்ட அதே சிரிப்பு.
நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.
"வாலெலும்பு முறிஞ்சால்
நடுவில ஓட்டை வைச்ச தலகாணியில மூண்டு மாசம் இருப்பாய்.
எடு."
விலையை மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்த்தேன்.
என் ஸ்கூட்டியின் இரண்டு சில்லும் வாங்கலாம்.
வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஹெல்மெற்.
வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொல்கிறான் பெடியன்.
தலை இல்லையென்றால்
அதுவும் கூடவே இல்லையென்ன வேண்டுமாம்.
கறுப்பைப் போட்டாள்.
தலை இல்லை என்றது,
ஹெல்மெற் பார்ப்போம் என்றது.
வெள்ளை நெற்றியைக் கடித்தது.
மூன்றாவது, வாடின கத்தரிக்காய் நிறம்,
பார்க்கச் சகிக்காது.
இவள் ஆட்டினாள், அதுவும் ஆடியது,
ஒரு சொல் பிந்தாமல்.

"ஜக்கெற்றுக்குக் கறுப்புத்தானடி பொருந்தும்."
"மண்டைக்குப் பொருந்துறதை எடு. வைக்கிறன், ஆள் வந்திட்டுது."

தள்ளுவண்டியில் பத்தொன்பது வயது.
அச்சுவேலி றோட், மோட்டார்சைக்கிள், மாடு.
பெயர் கேட்டேன், சொன்னான். கிழமை கேட்டேன், யோசித்தான்.
வாசலில் தாய்
அவனுடைய ஹெல்மெற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றா.
கைபிடியில் கொழுவியிருந்ததாம்.
ஒரு கீறல் இல்லை அதில்,
கடை ஸ்ரிக்கர்கூட உரியவில்லை.
ஏப்ரனை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டேன்.
"தலையை ஆட்டாதையும் தம்பி" என்றேன்.

ஐந்தரைக்கு நிரஞ்சலாவின் படம் வந்திருந்தது.
தலையில் கத்தரிக்காய்,
கண்ணில் எண்ணெய்த் தண்ணீர்,
இரண்டு மணிக்கட்டையும் மணப்பெண்போல் உயர்த்திக்கொண்டு.
கீழே: 'ஒரு கண்ணாடியாவது என்ர விருப்பம்.'

சைக்கிள் பார்க்கில் ஸ்கூட்டியடிக்குப் போனேன்.
காங்கேசன்துறை வீதியோரத்தில்
பொலிசுக்காக வாங்கிய என்னுடையது.
வார் பூட்டாமல் போட்டேன்.
இல்லை என்று தலையை ஆட்டினேன்.
அது அசையாமல் இருந்தது.
இன்னும் பலமாக, இல்லை, இல்லை.
அரைச்சுற்று வந்து
கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது.

இருட்டுக்குள் காவலாளியின் குரல்:
"என்ன மிஸ், ஆரோடை சண்டை?"