எந்தக் கதவு

குரோனிங்கனில் மழை சாய்ந்தே பெய்யும்.
ஃபென்னாவின் மேசையில்
ஒரே பையனுக்கு நான்கு தாள்கள்.

கதவை அறைந்து சாத்துவானா?
அம்மா வீட்ஸ்கே: அடிக்கடி.
பேனா தாளைக் கிழித்திருக்கிறது.
ஆசிரியர் ஹூக்ஸ்மா: இல்லை.
ஓரத்தில், யாரும் கேட்காமலே,
"இவன் வகுப்பில் இருப்பதே தெரியாது."

அப்பாவிடம் புதன்கிழமை மட்டும்தான்.
இல்லை, சில நேரம், அடிக்கடி
மூன்றையும் தாண்டித் தானே ஒரு கட்டம் வரைந்து
குறியிட்டிருக்கிறார்: தெரியாது.

யோரிட்டுக்குப் பதினொரு வயது.
தன் தாளில் எழுதியிருக்கிறான்:
எந்தக் கதவு?

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளைக் கலக்கிக்
கணினி சொல்கிறது: பூஜ்யம் புள்ளி இரண்டு ஏழு.
"ஒட்டவே இல்லையே" என்கிறான் பக்கத்து மேசைக்காரன்.

அப்பாவின் கட்டத்தை
விடுபட்டது என்று பதிகிறாள். விதி அது.
கேள்வியையே பதிலாக எழுதினால்
என்ன எண் போடுவதென்று
விதியில் இல்லை.

மணி ஐந்தரை.
அந்தத் தாள் மட்டும் இன்னும் மேசையில்.