நோக்கம் என்ற கட்டம்

கீரிப்பாறை சாவடிப் பதிவேட்டில்
பெயர், ஊர், வண்டி எண்,
அப்புறம் நோக்கம்.
பெரும்பாலும் 'சும்மா' என்றுதான் எழுதுவார்கள்.
நாகர்கோவில் கல்லூரிப் பையன்கள் ஒருமுறை
'புலி' என்று எழுதிவிட்டுப் போய்
குரங்கிடம் பிரியாணியைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள்.

இவர் குளச்சலிலிருந்து பைக்கில், தனியாக.
சிலுவைதாசன், வயது ஐம்பத்துமூன்று.
அனுமதிச்சீட்டு நாலாய் மடித்துச் சட்டைப்பையில்.
நோக்கம்: 'தூங்க.'
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
"கடல் கேக்காத எடத்துல ஒரு ராத்திரி, மேடம்."

ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்தேன்.
பிளாஸ்டிக் குப்பி இரண்டு, ஒன்றுக்கு இருபது ரூபாய்,
குப்பி திரும்பினால் ரூபாயும் திரும்பும்.
தீ கூடாது. பீடியும் தீதான்.
இருட்டினபிறகு கூடாரத்தைவிட்டு நகராதீர்கள்.
ஆனை வந்தால் டார்ச் அடிக்க வேண்டாம்,
அது உங்களிடம் சீட்டு கேட்காது.
ஆற்றோர மணல் மெத்தைமாதிரி இருக்கும்,
அங்கே மட்டும் படுக்காதீர்கள்.
இங்கே வெயில் காயும்போதே
மேலே மாறாமலையில் பெய்திருக்கும்.
தண்ணீர் சொல்லாமல் வரும்.

"சொல்லிட்டு வந்த தண்ணிய
நான் இன்னும் பாக்கல்ல."

விதிப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.
பையைத் திறக்கச் சொன்னேன்.
பேப்பரில் சுற்றிய வாளைக் கருவாடு, நாலு துண்டு.
இந்த மணத்துக்குக் கரடி வரும் என்றேன்.
"கரடி கருவாடு தின்னுமா?"
தின்னாது என்று கரடியிடம்
எழுதி வாங்கவில்லை.
ஆணியில் தொங்கவிட்டு
ரசீது கொடுத்தேன்: கருவாடு, நாலு.

ராத்திரி மழை.
ரப்பர் மரங்களுக்கு அப்பால் ஆறு இரைந்தது.
வயர்லெஸ் இரண்டுதரம் கரகரத்து அடங்கியது.
காலையில் வைத்த குழம்பு ஊசிப்போயிருந்தது.
வெறும் சோறு, நான்,
தலைக்குமேல் ஆணி.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
மேட்டில், பட்ட கிளை எதுவும் தலைக்குமேல் இல்லாத இடத்தில்
படுத்த புல் மட்டும் இருந்தது.
கயிறு கட்டப் புரட்டிய கற்கள்கூட
பாசிப்பக்கம் மேலே தெரிய
பழையபடி கிடந்தன.
கீழே மணல்திட்டைக் காணோம்.

"தூங்கினீங்களா?"
"எங்க! ஆறு விடிய விடிய இரைச்சல்.
வீட்டுல கெடந்த மாதிரியே இருந்து."
அதைச் சொல்லும்போது சிரித்தார், கண் சிவந்திருந்தது.

குப்பி இரண்டு. நாற்பது ரூபாய்.
பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று.
ரசீதைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"கரடியா?"
"ஆமா."

இன்னொரு துண்டை எடுத்துப்
பதிவேட்டின் பக்கத்தில் வைத்தார்.
"அது மறுபடி வந்தா."

வெளியேறிய நேரம்: 6.25.
குறிப்பு என்ற கட்டத்தில்
ஒரு எண்ணெய்க்கறை விழுந்துவிட்டது.
அதன்மேல் எதுவும் எழுதவில்லை.